திங்கட்கிழமைக் கூட்டத்தில் குறிப்பு எழுதியவள்

எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் சேர்ந்து வேலை பார்ப்பதற்குப் புதிதாக ஒரு மென்பொருள் வாங்கலாம் என்று முடிவானபோது, எதை வாங்குவது என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. எனக்கு அதில் தனித்திறமை ஒன்றும் கிடையாது. பழைய மென்பொருளைப் பற்றி அதிகம் குறை சொன்னவள் நான், அவ்வளவுதான். "குறை சொல்றவங்கதான் நல்லாப் பார்ப்பாங்க, மேடம்" என்று மேனேஜர் சிரித்துக்கொண்டே என் தலையில் கட்டிவிட்டார். அவர் வரங்கல் பக்கத்துக்காரர். எங்களிடம் தெலுங்கும் ஆங்கிலமும் கலந்து பேசுவார். அவர் பேச்சை இங்கே தமிழாக்கித்தான் எழுதுகிறேன்.

மருத்துவமனைகளில் நோயாளிகளுக்கு டோக்கன் கொடுப்பது, எந்த டாக்டர் அறைக்கு யார் எப்போது போக வேண்டும் என்று காட்டுவது போன்ற வேலைகளுக்கு நாங்கள் மென்பொருள் எழுதுகிறோம். மாதாப்பூரில் ஐந்தாவது மாடி. எங்கள் டீமில் பதினோரு பேர். நான்தான் வயதில் மூத்தவள். அப்பா குஷாய்குடா பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணத்துக்குப் பிறகும் நான் அந்தப் பகுதியை விட்டு நகரவில்லை. காலையில் ஹப்சிகுடா வரை பஸ், அப்புறம் மெட்ரோ. ஒரு பக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம். அந்தப் பயணத்தில் யாரும் என்னிடம் பேச வேண்டியதில்லை என்பது அப்போது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

காரணம் என் காது. இந்த மென்பொருள் வேலைக்கு இரண்டு வருடம் முன்னால் ஒரு சளிக்காய்ச்சல் வந்தது. நாலு நாளில் காய்ச்சல் போய்விட்டது; கூடவே வலது காதும் போய்விட்டது. சளி அடைப்பு, தானாகத் திறந்துவிடும் என்று மூன்று வாரம் சும்மா இருந்தேன். டாக்டரிடம் போனபோது, "உடனே வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்மா" என்றார். இடது காதிலும் கொஞ்சம் குறைந்திருந்தது. கருவி வைத்துக்கொள்ளச் சொன்னார். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தவள் பார்க்கவே இல்லை.

வீட்டில் கணவருக்குத் தெரியும். அலுவலகத்தில் யாருக்கும் சொல்லவில்லை. எங்கள் தொழிலில் நாற்பத்தைந்தைத் தாண்டினாலே ஒரு பயம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதோடு காதும் கேட்காது என்று நானே போய்ச் சொல்வானேன் என்று இருந்துவிட்டேன். கூட்டங்களில் மேஜையின் வலது ஓரத்தில் உட்காருவேன். அப்போதுதான் எல்லோரும் என் இடது பக்கம் இருப்பார்கள். புரியாதபோது தலையை ஆட்டுவேன். எல்லோரும் சிரித்தால் நானும் சிரிப்பேன்.

அப்படியே சமாளித்துவிட்டேன் என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு பெருமை இருந்தது.

மூன்று மென்பொருள்கள் போட்டியில் இருந்தன. ஒரு அட்டவணை போட்டு, ஒவ்வொன்றும் என்ன செய்யும், என்ன செய்யாது என்று மதிப்பெண் கொடுத்துக்கொண்டிருந்தேன். அரட்டை வசதி, கோப்புகளை வைக்கும் இடம், வேலைகளைப் பிரித்துக் கொடுக்கும் பலகை எல்லாம் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். மூன்றாவதில் மட்டும் ஒரு புது விஷயம் இருந்தது. கூட்டத்தில் பேசுவதை அதுவே கேட்டுத் திரையில் எழுத்தாகக் காட்டும். கூட்டம் முடிந்ததும் சுருக்கத்தையும் அனுப்பும். அந்த வரியைத் திரும்ப ஒரு தடவை படித்தேன். யாரிடமும் எதுவும் சொல்லாமலே என் பிரச்சினை தீர்ந்துவிடுமே என்று தோன்றியது. மேனேஜருக்கும் அதன் மேல்தான் கண்.

ஆனால் மதிப்பீடு என்றால் இப்போது நாம் எப்படி வேலை செய்கிறோம் என்பதையும் எழுத வேண்டும். அதனால் பழைய மென்பொருளின் பதிவுகளைத் திறந்தேன். எந்தப் பக்கத்தில் யார் எப்போது என்ன எழுதினார்கள், அழித்தார்கள் என்பதெல்லாம் அதில் நிமிடக் கணக்காக இருக்கும்.

திங்கட்கிழமைக் கூட்டத்துக்கென்று ஒரு பக்கம் உண்டு. எல்லோரும் அதை மடிக்கணினியில் திறந்து வைத்திருப்போம். டெஸ்டிங் பார்க்கும் ஒரு பெண் அதில் குறிப்பு எழுதுவாள். திருமுல்கேரிக்காரி, என்னைவிடப் பத்து வயது சின்னவள். வேலூர்ப் பக்கத்திலிருந்து அவளுடைய கொள்ளுத்தாத்தா காலத்திலேயே கண்டோன்மென்ட் வேலைக்கு வந்த குடும்பம். தமிழ்தான் பேசுவாள், ஆனால் நடுநடுவே ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ, எதுக்கு என்பதற்குக் கைக்கு என்று இந்த ஊர் இந்தியும் விழும். கூட்டத்தில் யார் வாய் திறந்தாலும் அவள் விரல்கள் ஓடத் தொடங்கிவிடும். பேசியது அப்படியே பக்கத்தில் வந்து விழும். தெலுங்கில் பேசினால் ஆங்கில எழுத்தில் தெலுங்கு. இந்தியில் பேசினால் அதுவும் அப்படியே. தன் டைப் வேகத்தைக் காட்டிக்கொள்கிறாள் என்று நான் நினைத்திருந்தேன். அந்தப் பக்கத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் கூட்டங்களைக் கடந்தேன் என்பது வேறு விஷயம்.

பதிவுகளைப் புரட்டியபோது ஒரு வாரத்துக் குறிப்பு நாலே வரியில் இருந்தது. முடிவான விஷயங்கள் மட்டும். அதற்கு முந்தின வாரம் மூன்று பக்கம். ஏன் என்று தேதியைப் பார்த்தேன். மகளின் பள்ளிக்கூட விழாவுக்காக நான் விடுப்பு எடுத்த நாள் அது. தற்செயல் என்று விட்டுவிட்டு மேலே போனேன். இன்னொரு நாலு வரிக் குறிப்பு. அன்றைக்கும் நான் இல்லை. அதன் பிறகு என் விடுப்புப் பட்டியலைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தேன். ஒன்றரை வருடம். நான் இருந்த கூட்டங்களில் எல்லாம் ஒரு வார்த்தை விடாமல் எழுதியிருந்தாள். நான் இல்லாத கூட்டங்களில் எல்லாம் நாலு வரி, ஐந்து வரி.

இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. அப்போது எனக்கு முதலில் வந்தது நன்றி இல்லை, கோபம். இவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே என்னைத் தலையாட்ட விட்டிருக்கிறாள். வேறு யாருக்கெல்லாம் தெரியும்? எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "சாப்பிட வரியா?" என்று அவளுக்கு ஒரு செய்தி அனுப்பினேன்.

கேன்டீனில் ஒரே இரைச்சல். அவள் தட்டை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் நடந்தாள். அங்கே யாரும் இல்லை. என் இடது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சாப்பிடும்போதெல்லாம் அவள் அந்தப் பக்கம்தான் உட்காருவாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"திங்கட்கிழமை நோட்ஸ் எல்லாம் பார்த்தேன்" என்றேன். "நான் வராத நாள்ல நாலு வரிதான் எழுதியிருக்கே."

அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். "கோவமா அக்கா?"

"எப்போலேர்ந்து தெரியும்?"

"ரொம்ப நாளா. நீங்க சிரிக்கிறது எப்பவும் லேட்டா வரும் அக்கா. எல்லார் மூஞ்சியும் பார்த்துட்டு அப்புறம் சிரிப்பீங்க. மொதல்ல வேலை விஷயம் மட்டுந்தான் டைப் பண்ணிட்டிருந்தேன். ஒரு நாள் சும்மா ஜோக்கையும் டைப் பண்ணிப் பார்த்தேன். அன்னிக்கு எங்க கூடவே சிரிச்சீங்க. அதுக்கப்புறம் நிறுத்த மனசு வரல."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கைக்கு கேட்கணும்? நீங்களே சொல்லல. நா கேட்டா உங்களுக்கு எப்படி இருக்கும்?"

"வேற யாருக்குத் தெரியும்?"

"நக்கோ அக்கா, நா யாருகிட்டயும் சொல்லல. சாப்பிடுங்க, ஆறிப் போவுது."

நான் சாப்பிடவில்லை. அழுகையை அடக்குவதிலேயே நேரம் போய்விட்டது. அவள் தன் தட்டிலிருந்த அப்பளத்தை என் தட்டில் வைத்துவிட்டு, தன் வீட்டுத் தண்ணீர் மோட்டார் கெட்டுப்போன கதையை விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், நான் தேறிவரும் வரை.

அன்று சாயங்காலம் மேனேஜரிடம் மதிப்பீடு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று சொல்லப் போனேன். "மூணாவதுதான் மேடம் நமக்கு" என்றார். "அதுவே எழுதிக்கும். அந்தப் பொண்ணு டைப் பண்றதை விட்டுட்டு வாயைத் திறந்து பேச ஆரம்பிக்கலாம். வேலையில கெட்டிக்காரி. ஆனா மீட்டிங்ல ஒரு வார்த்தை பேசறதில்லை. போன அப்ரைசல்லயும் அதைத்தான் எழுதினேன்."

என் பொருட்டு அவள் கொடுத்த விலை இது. பேசுகிறவர்கள் எல்லோருடைய சொல்லையும் எழுதிக்கொண்டிருப்பவளுக்குத் தன் சொல்லை யோசித்துச் சொல்ல எங்கே நேரம் இருக்கும்? அந்த இடத்திலேயே மேனேஜரிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். தைரியம் வரவில்லை. "அடுத்த திங்கட்கிழமை மூணாவதைப் போட்டுப் பார்த்துடலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தத் திங்கட்கிழமை சுவரில் பெரிய திரையை வைத்து மூன்றாவது மென்பொருளை ஓடவிட்டோம். சரியாக மதிப்பிட வேண்டும் என்பதற்காக, யாரும் குறிப்பு எழுதக் கூடாது என்று முன்னாலேயே பேசிவைத்திருந்தோம். திருமுல்கேரிக்காரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முதல் பத்து நிமிடம் அற்புதம். வேறு ஊரிலிருந்து இணைந்திருந்த வாடிக்கையாளர் தரப்பு ஆள் சுத்தமான ஆங்கிலத்தில் பேசினார். ஒரு எழுத்துப் பிசகாமல் வந்தது. அவர் முணுமுணுப்பதையெல்லாம் முதல் தடவையாகப் படித்தேன். அவர் இணைப்பைத் துண்டித்த பிறகு எங்கள் ஆட்கள் வழக்கம்போலப் பேசத் தொடங்கினார்கள். பாதி தெலுங்கு, கால் இந்தி, மீதி ஆங்கிலம். அதோடு எல்லாம் குலைந்தது. டோக்கன் திரையின் நிறத்தை மாற்றலாமா என்று மேனேஜர் கேட்டார். இரண்டு மூன்று பேர் "ஹவ், ஹவ்" என்றார்கள். சரி, சரி என்று அர்த்தம். அந்த மென்பொருளோ, எப்படி, எப்படி என்று அவர்கள் ஆங்கிலத்தில் கேட்டதாக எழுதியது. நக்கோ என்று ஒருவர் மறுத்தார். அதை யாரோ ஒரு ஆளின் பெயர் என்று எடுத்துக்கொண்டு, அந்த ஆளிடம் ஒரு வேலையையும் ஒப்படைத்தது. மேஜை முழுக்கச் சிரிப்பு.

இதுவரை திரையிலேயே படித்துவிட்டதால் நானும் சிரித்தேன். அடுத்தபடி யாரோ இன்னொன்று சொன்னார்கள். இன்னும் பெரிய சிரிப்பு. திரையில் அர்த்தமில்லாத நாலு சொற்கள் இருந்தன. மடிக்கணினியில் பக்கம் காலி. எதிரே அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டியிருந்த கையைப் பிரித்து விசைப்பலகையின் மேல் வைத்தாள்.

அவள் எழுதத் தொடங்குமுன் நான் பேசிவிட்டேன். "எனக்குக் கேட்கலை. இன்னொரு தடவை சொல்லுங்க." அதோடு நிற்கவில்லை. "ரெண்டு வருஷமா எனக்கு வலது காது கேட்கறதில்லை. இவ டைப் பண்றதைப் படிச்சுத்தான் இந்த மீட்டிங்ல உட்கார்ந்திருந்தேன். அவ பேசாம இருந்ததுக்கு நான்தான் காரணம்."

மேனேஜர் எழுந்தார். தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு மேஜையைச் சுற்றி வந்து என் இடது பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். அந்த ஜோக்கை மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக எனக்குச் சொன்னார். விளக்கிச் சொன்ன ஜோக்கில் என்ன ருசி இருக்கும்? ஆனாலும் எல்லோரும் இன்னொரு தடவை சிரித்தார்கள். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கு நினைவில்லை.

அறிக்கையை அந்த வாரமே முடித்தேன். இதை எழுதுகிறவளுக்கு ஒரு காது கேட்காது, அதைத் தெரிந்துகொண்டு படியுங்கள் என்று முதல் பக்கத்திலேயே எழுதினேன். நான் பரிந்துரைத்தது இரண்டாவது மென்பொருளை. அதில் பேச்சை எழுத்தாக்கும் வசதி சுமார்தான். ஆனால் ஒரே பக்கத்தில் பத்துப் பேர் ஒரே சமயத்தில் எழுதினாலும் அது திணறாது. யார் எழுதுவது எங்கே வருகிறது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு நிறத்தில் காட்டும். மென்பொருளோடு சேர்த்து ஒரு வழக்கத்தையும் பரிந்துரைத்தேன். குறிப்பு எழுதுவது வாராவாரம் ஒருவர் முறை. மேனேஜருக்கும் உண்டு.

இரண்டையும் ஒப்புக்கொண்டார்கள். காது கேட்காதவளை வேலையில் வைத்துக்கொள்வதா என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு வருடம் நான் பயந்தது அத்தனையும் என் மண்டைக்குள் மட்டும் நடந்திருக்கிறது. எல்லா இடத்திலும் இப்படி முடியும் என்று சொல்லமாட்டேன். எனக்கு நல்ல மனிதர்கள் வாய்த்தார்கள்.

முதல் சில வாரங்கள் சிரமமாகத்தான் இருந்தன. ஒருவர் மொத்தக் கூட்டத்தையும் மூன்று வரியில் முடித்தார். மேனேஜர் முறை வந்தபோது அவர் இரண்டே விரலால் டைப் செய்ததில், அவருக்காக எல்லோரும் நிறுத்தி நிதானமாகப் பேச வேண்டியதாயிற்று. ஒருவர் முடித்த பிறகுதான் இன்னொருவர். அன்றைய கூட்டம்தான் எனக்கு மிக நன்றாகக் கேட்டது. அந்த நிதானம் கொஞ்சம் எங்களோடு ஒட்டிக்கொண்டும் விட்டது.

எங்களுக்குக் கிடைத்த பெரிய லாபம் அவள் குரல். வேறொருவர் குறிப்பு எழுதிய முதல் கூட்டத்திலேயே வாயைத் திறந்தாள். டாக்டர் அறை மாறும்போது வயதானவர்களின் டோக்கன் வரிசையின் கடைசிக்குப் போய்விடுகிறது என்று ஒரு பிழையைச் சொன்னாள். மாதக்கணக்கில் எங்கள் யார் கண்ணிலும் படாத பிழை. "இவ்வளவு நாளா ஏம்மா சொல்லலை?" என்று மேனேஜர் கேட்டார். "டைப் பண்ணிட்டிருந்தேன் சார்" என்றாள், சாதாரணமாக.

அடுத்த அப்ரைசலுக்கு முன்னால் மேனேஜருக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். ஒன்றரை வருடம் அவள் செய்தது என்ன என்பதைப் பதிவுகளோடு சேர்த்து வைத்தேன். அதற்கு எந்த அட்டவணையிலும் இடமில்லை, ஆனால் இந்த டீம் ஒரு ஆளை இழக்காமல் இருந்ததற்கு அதுதான் காரணம் என்று எழுதினேன். அந்த வருடம் அவளை டெஸ்டிங் பிரிவுக்கு லீடாகப் போட்டார்கள். கடிதத்தைப் பற்றி எப்படியோ கேள்விப்பட்டு என் மேஜைக்கு வந்தாள்.

"கைக்கு அக்கா இதெல்லாம்? நா ஏதாச்சும் கேட்டேனா?"

"நான் கேட்டேனா உன்னை?" என்றேன்.

அவள் என் மேஜையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அறிக்கை கொடுத்த சில நாளிலேயே நான் காதுக்குக் கருவி வாங்கியிருந்தேன். முதல் நாள் மெட்ரோவில் அறிவிப்புக் குரல் மண்டையைப் பிளந்தது. மூன்று மொழியிலும் ஒன்றுவிடாமல் கேட்டேன். வீட்டுக்குப் போனதும் என் மகள் தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தாள். நான் தமிழில் பதில் சொன்னேன். "அம்மாவுக்குக் கேட்டுடுச்சு!" என்று தன் அப்பாவிடம் ஓடினாள். தமிழிலேயே கத்தினாள்.

குறிப்பு எழுத என் முறை வந்தது, அந்த வழக்கம் தொடங்கிய ஐந்தாவது வாரத்தில். கருவி இருந்தும் பயமாக இருந்தது. அடுத்தவர் பேசுவதை எழுதுவது எவ்வளவு கடினம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நாம் என்ன பதில் சொல்லலாம் என்று யோசிக்க முடியாது. அவர்கள் சொல்லை அவர்கள் சொன்ன வரிசையிலேயே மனதில் வைத்திருக்க வேண்டும். இதை ஒருத்தி வாராவாரம், ஒன்றரை வருடம், யாரும் கேட்காமல் செய்திருக்கிறாள்.

பாதியில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். தவறவிட்டேன். அந்த இடத்தில் புள்ளிகளை மட்டும் வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். திரும்பிப் பார்த்தபோது புள்ளிகளின் மேல் ஒரு பச்சை நிறக் கோடு துடித்துக்கொண்டிருந்தது. யாரோ விட்டுப்போன வார்த்தைகளை எழுதிக்கொண்டிருந்தார்கள். மேலே இன்னொரு வரியில் ஊதா நிறத்தில் ஒருவர் என் எழுத்துப் பிழையைத் திருத்தினார். கீழே மேனேஜரின் ஆரஞ்சு நிறக் கோடு, ஒவ்வொரு எழுத்தாக, மிக மெதுவாக நகர்ந்தது. யாரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பேச்சு அதுபாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. நான் அடுத்த வரியை எழுதினேன்.